இரவல் ஆற்றலும் கட்டற்ற மென்பொருளும் — ஒரு விமர்சன நோக்கு

பரந்தன் என்றதும் வடபகுதி மக்கள் பலரின் நினைவுக்கு முதலில் வருவது அங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலையேயாகும். 1950களில் அரசினால் நிறுவப்பட்ட அத்தொழிற்சாலை, ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டிருந்தது. உப்புக் கரைசலினூடாக மின்னைச் செலுத்தி எரிசோடாவையும் குளோரினையும் அது உற்பத்தி செய்தது. உப்பு அயலிலே விளைந்தது. பொருள் நாடெங்கும் சென்றது. போர்க்காலத்தில் தொழிற்சாலையின் இயக்கம் நின்றது, கட்டடங்கள் சிதைந்தன. ஆயினும் பெயர் மறையவில்லை. பரந்தன் என்னும் பெயரைத் தாங்கிய அரச நிறுவனம், பின்னர் குளோரினை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு விநியோகித்து வந்தது. நீர் முன்போலவே சுத்திகரிக்கப்பட்டது. ஆனால் ஆக்குவோன் என்ற நிலையிலிருந்து பங்கிடுவோன் என்ற நிலைக்கு அந்நிறுவனம் மாறியதை, நீரைப் பருகியவர் எவரும் உணர்ந்திருக்க மாட்டார்.

இத்தகைய நிலைமாற்றம் கணினித் துறையிலும் நிகழ்ந்துள்ளது. அங்கும் அதனை உணர்ந்தோர் சிலரே. கட்டற்ற மென்பொருள் இயக்கம் 40 ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய பெருந்தொகையான நிரல்களை உலகுக்கு அளித்துள்ளது. ஆனால் அந்நிரல்களை ஆக்குவதற்கு வேண்டிய வலுமிக்க இயந்திரங்களிற் பெரும்பாலானவை, உற்பத்தியாளர் பூட்டிவைத்த இரகசிய நிரல்கள் இன்றி உயிர்பெறுவதேயில்லை. ஆக்கப்படும் பொருள் கட்டற்றது. ஆக்கும் கருவியோ கட்டுண்டது. இம்முரண்பாட்டுக்கு இயக்கத்தின் ஒரு சாரார் நெடுங்காலமாகக் கூறிவரும் விடை ‘பழைய இயந்திரம் போதும்’ என்பதாகும். இயக்கத்தின் நோக்கத்தை ஏற்றுக்கொண்டு, அவ்விடையை மட்டும் விமர்சன நோக்கிற் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

1. அச்சுப்பொறியிற் பிறந்த இயக்கம்

கட்டற்ற மென்பொருள் என்பது விலையற்ற மென்பொருள் எனச் சாதாரணமாகக் கருதப்படுவதுண்டு. அது தவறு. எந்நோக்கத்துக்கும் நிரலை இயக்குதல், அதன் மூலநிரலைக் கற்று மாற்றுதல், படிகளைப் பகிர்தல், மாற்றிய வடிவத்தையும் பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளே அதன் இலக்கணமாகும். இவற்றுள் இரண்டாவது உரிமையே ஏனையவற்றுக்குப் பொருள் தருவது. படிக்கவும் மாற்றவும் முடியாத நிரலை இயக்குவதும் பகிர்வதும் ஒரு நுகர்வோனின் வசதிகளே.

இவ்வியக்கத்தின் தோற்றுவாயை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு செறொக்ஸ் கம்பனியின் லேசர் அச்சுப்பொறியொன்று கிடைத்தது. அது அடிக்கடி தாளில் சிக்கிக்கொள்ளும் இயல்புடையது. முன்பிருந்த அச்சுப்பொறியின் நிரலை றிச்சட் ஸ்ரோல்மன் திருத்தி, தாள் சிக்கும்போது உரியவர்களுக்குச் செய்தி செல்லுமாறு செய்திருந்தார். புதிய பொறியின் மூலநிரலோ அவருக்குக் கிட்டவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளர், இரகசியம் காப்பதாக வாக்களித்திருந்தமையால் தர மறுத்தார். இவ்வனுபவம் ஸ்ரோல்மனின் சிந்தனையை உருவாக்கிய காரணங்களுள் ஒன்று. 1983 செப்ரெம்பரில் அவர் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது.

ஆகவே இவ்வியக்கத்துக்கு வித்திட்டது இயங்குதளம் பற்றிய பிணக்கன்று. ஓர் இயந்திரத்தை இயக்கும் நிரல் அதனைப் பயன்படுத்துவோருக்கு மறைக்கப்பட்டமையே. பின்வந்த ஆண்டுகளில் இயக்கத்தின் கவனம் தொகுப்பி, பதிப்பி, இயங்குதளம் என மேல்நோக்கிச் சென்றது. பிணக்குத் தொடங்கிய இடமாகிய வன்பொருளின் உள்ளகம் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டிருந்தது.

2. நிலைபொருள் என்னும் மறைவிடம்

கணினியின் மின்பொத்தானை அழுத்தியதும், இயங்குதளம் எழுவதற்கு முன்னரே சில நிரல்கள் செயற்படத் தொடங்குகின்றன. தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லொன்றில் தங்கியிருந்து நினைவகத்தையும் ஏனைய உறுப்புகளையும் தட்டியெழுப்புவது ஒருவகை. கம்பியில்லா வலையட்டை, வரைவியல் அட்டை, வன்தட்டு முதலிய உறுப்புகளினுள்ளே தனித்தனியே இயங்குவது மற்றொரு வகை. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்ட இவற்றைப் பொதுவாக நிலைபொருள் என்பர். இதன் மூலநிரல் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. அண்மைக்காலத்திலோ உற்பத்தியாளரின் இலக்கமுறைக் கையொப்பம் அற்ற நிலைபொருளை ஏற்க மறுக்குமாறு இயந்திரங்களே அமைக்கப்படுகின்றன. அதாவது, ஒருவர் பெருமுயற்சியால் மாற்று நிரலை எழுதினாலும், அவர் விலைகொடுத்து வாங்கிய இயந்திரம் அதனை ஏற்காது.

இன்ரெல் கம்பனியின் ‘மேலாண்மைப் பொறி’ இதற்குத் தக்க சான்றாகும். 2008ஆம் ஆண்டளவிலிருந்து அக்கம்பனியின் இயந்திரங்களில் ஏறத்தாழ அனைத்திலும் இது இடம்பெற்று வருகின்றது. இது பிரதான செயலிக்குப் புறம்பான ஒரு சிறு கணினி. தனக்கென இயங்குதளம் உடையது. பிற்காலத் தலைமுறை இயந்திரங்களில் இதன் நிலைபொருளை முற்றாக நீக்கினால், கணினி 30 நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும். 2017 மே மாதத்தில் இதனோடு இணைந்த தொலைமேலாண்மை வசதியில் ஒரு பாரிய பழுது வெளிப்பட்டது. கடவுச்சொல்லுக்குரிய விடையை வெறுமையாக அனுப்பினாலும் அது உள்ளே புகவிட்டது. அப்பழுது ஏறத்தாழ 9 ஆண்டுகளாக வணிக நிறுவனங்களின் கணினிகளில் உறங்கிக் கிடந்திருக்கின்றது. அதே ஆண்டில், இம்மறைபொறியினுள் இயங்குவது மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஒரு வடிவம் எனவும் தெரியவந்தது. மாணவர்க்குக் கற்பிப்பதற்கென மினிக்ஸை ஆக்கிய பேராசிரியர் அன்ட்றூ ரனன்போம், தமது ஆக்கம் உலகெங்கும் இவ்வளவு பரவலாகப் பயன்படுவதைச் செய்திகள் வாயிலாகவே அறிந்தார். திறந்த நிரலாகப் பிறந்ததொன்று மூடிய பெட்டகத்தின் உள்ளுறுப்பாகியமை வரலாற்றின் நகைமுரண் எனலாம்.

வரைவியல் அட்டைகளின் கதையும் இதுவே. 2014இன் பிற்பகுதியில் வெளிவந்த என்விடியா அட்டைகள் முதற்கொண்டு, கையொப்பமிட்ட நிலைபொருள் இன்றி அவற்றின் முழுவேகத்தைப் பெற முடியாத நிலை உண்டாயிற்று. கட்டற்ற இயக்கியை எழுதிவந்த தன்னார்வலர்கள் இதனாற் பின்தங்கினர். 2022 மே மாதத்தில் அக்கம்பனி தனது லினக்ஸ் கருவுக்குரிய இயக்கிகளைத் திறந்த நிரலாக வெளியிட்டபோது பலரும் மகிழ்ந்தனர். ஆனால் முன்னர் இயக்கியினுள் இருந்த பணிகளிற் பல அதற்குள் அட்டையின் நிலைபொருளுக்கு இடம்பெயர்க்கப்பட்டிருந்தன. கதவு திறக்கப்பட்டது, பெட்டகம் நிலவறைக்கு நகர்த்தப்பட்டது. மென்பொருள் திறக்கப்படுந்தோறும் இரகசியம் ஒரு படி கீழிறங்குகின்றது என்னும் இப்போக்கை அறியாமல், திறந்த நிரலின் வெற்றியைப் பேசுவது அரைகுறை மதிப்பீடாகும்.

இது நிரலாளர் சிலரின் பிரச்சினை மட்டுமே என எண்ணுதலும் பொருந்தாது. அமெரிக்காவில் உழவு இயந்திரங்களின் உள்நிரல்கள் பூட்டப்பட்டமையால், கமக்காரர் தம் சொந்த இயந்திரத்தைத் தாமே திருத்த இயலாத நிலை தோன்றியது. நீண்ட போராட்டத்தின் பின் 2023இல் கொலறாடோ மாநிலம் விவசாய உபகரணங்களைத் திருத்தும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. இரணைமடு நீர் பாயும் வயல்களில் இன்று ஓடும் உழவு இயந்திரங்களை ஊர்த் திருத்துநர் கழற்றிப் பூட்டுகின்றனர். அவ்வாற்றல் அடுத்த தலைமுறை இயந்திரங்களிலும் நிலைக்குமா என்பது இவ்வினாவோடு தொடர்புடையதே.

3. பழைய இயந்திரம் போதுமா?

மேற்கூறிய நிலைமைக்கு இயக்கத்தினர் கண்ட நடைமுறை விடை பழைய மடிக்கணினிகளாகும். இயந்திரத்தை எழுப்பும் நிலைபொருளுக்குக் கட்டற்ற மாற்றாக 1999இல் தொடங்கிய முயற்சி ‘கோர்பூட்’ எனப் பெயர் பெற்றது. அதனின்று மூடிய பகுதிகளைக் களைந்து ‘லிப்ரபூட்’ 2013இல் உருவாயிற்று. 2006இல் வெளிவந்த திங்பாட் எக்ஸ்60, 2008இல் வெளிவந்த எக்ஸ்200 முதலிய மடிக்கணினிகள் இம்முறையாற் புதுப்பிக்கப்பட்டு, பயனரின் சுதந்திரத்தை மதிப்பவை என அறக்கட்டளையின் சான்றிதழையும் பெற்றன. எக்ஸ்200இல் மேலாண்மைப் பொறியின் நிலைபொருளை முற்றாக நீக்கினாலும் இயந்திரம் இடையறாது இயங்கும். இது சிறிய சாதனையன்று. கடிதம் எழுதுவோர்க்கும் கட்டுரை தட்டச்சுச் செய்வோர்க்கும் இவ்வியந்திரங்கள் இன்றும் போதியவையே.

ஆனால் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோன் வேறு, ஆக்குவோன் வேறு. ‘பழைய இயந்திரம் போதும்’ என்னும் விடை முன்னவனை மட்டும் மனங்கொண்டது. லினக்ஸ் கரு 1991இல் ஏறத்தாழ 10,000 வரிகளோடு தோன்றியது. 2025இல் அது ஏறத்தாழ 4 கோடி வரிகளை எட்டியிருந்தது. இன்றைய உலாவிகளின் நிலையும் இதுவே. குரோமியம் உலாவியை மூலநிரலிலிருந்து தொகுப்பதற்குக் குறைந்தது 8 கிகாபைற் நினைவகம் வேண்டும் எனவும், 16 கிகாபைற்றுக்கு மேற்பட்டிருத்தல் மிக விரும்பத்தக்கது எனவும் அதனை ஆக்குவோரே அறிவுறுத்தி வந்துள்ளனர். எக்ஸ்200 மடிக்கணினி ஏற்கக்கூடிய நினைவகத்தின் உச்ச எல்லை 8 கிகாபைற்றேயாகும். ஒருவனின் இயந்திரத்தின் உச்சம் வேலையின் தொடக்க எல்லையாக அமையுமிடத்து, அவ்வேலை அவனுக்கு மறுக்கப்பட்டது என்றே கொள்ளவேண்டும்.

இதன் விளைவு வேகக்குறைவு மாத்திரமன்று. மாற்றும் உரிமை என்பது மாற்றிப் பார்க்கும் வாய்ப்பினாலேயே உயிர்பெறுகின்றது. ஒரு வரியைத் திருத்தி, தொகுத்து, பிழைகண்டு, மீளத் திருத்துவதே நிரலாக்கம். இச்சுழற்சி சில நிமிடங்களில் முடிந்தால் ஒருவன் நாளொன்றுக்குப் பலமுறை முயன்று பார்ப்பான். முழுநாளை விழுங்குமாயின் திருத்தவே துணியான். சட்டப்படி அவனுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் அவன் வெறும் வாசகன்.

நம்பகத்தன்மை பற்றிய வாதமும் இங்கு கருதத்தக்கது. மூலநிரல் தூய்மையாக இருப்பினும், அதனைத் தொகுக்கும் தொகுப்பியினுள் வஞ்சகம் ஒளிந்திருக்கலாம் என்பதைக் கென் தொம்சன் 1984இல் தமது ரியூறிங் விருதுப் பேருரையில் எடுத்துக்காட்டினார். இதற்கு மாற்றாக, ஒரே மூலத்தை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறானோர் தொகுத்து, விளைவுகள் முற்றாக ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்க்கும் முறை வளர்ந்துள்ளது. ஆயிரக்கணக்கான பொதிகளை மீளமீளத் தொகுக்கும் இப்பணி பெரும் கணிப்பு வலுவை வேண்டுவது. சரிபார்ப்போனின் இயந்திரமே மறைநிரல்களால் இயக்கப்படுமாயின், அவன் சரிபார்ப்பின் அடித்தளம் தளர்ந்ததாகும். ஆகவே வலுவும் வேண்டும், அவ்வலு கட்டற்றதாயும் இருத்தல் வேண்டும்.

வலுவற்ற இயந்திரம் உடையோர் இன்று செய்வது யாது? தொலைவிலுள்ள பெருங்கம்பனிகளின் சேவையகங்களில் நிரலைத் தொகுப்பிக்கின்றனர். மேசைமீது தூய இயந்திரம். வேலையோ வேறெங்கோ, எவரும் உள்நோக்க முடியாத இயந்திரத்தில். தன் இயந்திரத்திலிருந்து வெளியேற்றிய மறைநிரலை அவன் வாடகைக்கு அமர்த்திக்கொள்கின்றான். பரந்தன் பெயரில் இறக்குமதிக் குளோரின் பங்கிடப்பட்டமை இவ்விடத்து நினைவுக்கு வருதல் இயல்பே.

சிறிய இயந்திரங்களைக்கொண்டும் பெரும்பணி ஆற்றலாம் என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு என எவரேனும் கூறலாம். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவு உட்படக் கரையோரங்களை அழித்தபோது, இலங்கை நிரலாளர்கள் சில வாரங்களுக்குள் ‘சஹானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் விபரம், உதவித் தேவைகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்திய அது, பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூக நன்மை விருதை அறக்கட்டளையிடமிருந்து பெற்றது. இச்சாதனை போற்றத்தக்கது. ஆயின் அது உலாவி, தரவுத்தளம், இயங்குதளம் ஆகியவற்றை வேறெவரோ ஆக்கித் தந்த பின்னர், அவற்றின்மேல் எழுப்பப்பட்ட மாடம். அடித்தளத்தை ஆக்குவதற்கும் திருத்துவதற்கும் அத்தகைய இயந்திரங்கள் போதா. எளிய இயந்திரத்தோடு அமைதல் என்பது, மேற்றளத்தில் மட்டும் வேலை செய்வதற்கு உடன்படுதலாகும்.

4. ஏடும் அச்சும்

தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றில் இதனை ஒத்த ஒரு கட்டம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சியந்திரம் யார் கையில் இருத்தல் வேண்டும் என்பது ஓர் அரசியல் வினாவாக இருந்தது. 1820இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய அச்சாளர், இலங்கையிலே தங்குவதற்கு ஆங்கில ஆட்சியாளரால் அனுமதி மறுக்கப்பட்டார். இயந்திரத்தின் வலிமையை ஆட்சியாளர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பின்னர் மிசனரிமாரின் அச்சகங்கள் இயங்கின. பேர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றிய ஆறுமுக நாவலர் அச்சின் ஆற்றலை அருகிருந்து கண்டார். அவருக்கு ஏட்டுச்சுவடிகள் இருந்தன. அவற்றைப் படிக்கவும் பரிசோதிக்கவும் படியெடுக்கவும் எவரும் தடைவிதிக்கவில்லை. உரிமை என்ற அளவில் அவருக்குக் குறையொன்றுமில்லை. எனினும் 1849இல் அவர் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையிலே தமது யந்திரசாலையை நிறுவினார்.

‘ஏடும் எழுத்தாணியும் போதும்’ என்று நாவலருக்கு எவரேனும் கூறியிருப்பின், அவ்வறிவுரை தூய்மையானதாகவே இருந்திருக்கும். ஏட்டில் பிறர் கை இல்லை. எழுத்தாணி எவருக்கும் கட்டுப்பட்டதன்று. ஆனால் ஆயிரம் படிகளை அச்சிடுவோரின் முன் ஒரு படி எழுதுவோன் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? நாவலரின் பதில் செயலாக வெளிப்பட்டது. அவர் அச்சகத்தைப் புறக்கணிக்கவுமில்லை. பிறர் அச்சகத்தில் என்றும் தங்கியிருக்கவுமில்லை.

ஒரு வேறுபாடு இங்கு மறக்கற்பாலதன்று. நாவலரின் இயந்திரம் அவர் ஊரிலே செய்யப்பட்டதன்று. அப்படியிருந்தும் அது அவருக்குக் கட்டுப்பட்டது. எந்நூலை அச்சிடலாம், எந்நூலை அச்சிடலாகாது என அவ்விரும்புச் சட்டத்தினுள் எவரும் எழுதிவைத்திருக்கவில்லை. உறுப்பொன்று தேய்ந்தால் கொல்லன் திருத்துவான். ஆகவே இயந்திரம் எந்நாட்டில் ஆக்கப்பட்டது என்பது முதல் வினாவன்று. வாங்கிய பின்னர் அது யாருக்குக் கீழ்ப்படிகின்றது என்பதே முதல் வினா. கட்டற்ற வன்பொருள் பற்றிய கோரிக்கையை வெறும் சுதேசியக் கோரிக்கையாகக் குறுக்குவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

5. சமரசமும் அதன் எல்லையும்

பழமைவழி நிற்போருக்கு எதிர்முனையில் நிற்போர் சமரசவாதிகள். 1993இல் தொடங்கிய டெபியன், கட்டற்ற மென்பொருளிற் கொள்கைப்பற்று மிக்கது எனப் பெயர்பெற்ற இயங்குதளமாகும். மூடிய நிலைபொருளைத் தன் அதிகாரபூர்வ நிறுவலினின்றும் அது நெடுங்காலம் விலக்கி வைத்திருந்தது. புதிய மடிக்கணினி வாங்கியவர் அதனை நிறுவ முற்பட்டால் கம்பியில்லா இணைப்பு வேலை செய்யாது; இணைப்பின்றி உதவி தேடவும் வழியிராது. 2022 ஒக்ரோபரில் நிறைவடைந்த வாக்கெடுப்பின் மூலம் டெபியன் தன் நிலையை மாற்றியது. 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பு மூடிய நிலைபொருளையும் உடன்கொண்டு வந்தது. 2022இன் இறுதியில் லிப்ரபூட்டும் தனது கடுமையைத் தளர்த்தியது.

இம்மாற்றங்களைத் துரோகம் எனக் கூறுதல் எளிது, நேர்மையன்று. குனூ திட்டமே வேறு கம்பனிகளின் மூடிய யுனிக்ஸ் இயந்திரங்களின்மீதுதான் வளர்ந்தது. மாற்று இல்லாத காலத்தில், அம்மாற்றை ஆக்குவதற்காகவே மூடியதைப் பயன்படுத்தல் நியாயம் என ஸ்ரோல்மன் வாதிட்டார். தூய்மைக்கும் ஒரு விலையுண்டு. 2018 ஜனவரியில் செயலிகளின் வடிவமைப்பிலேயே பாரிய பலவீனங்கள் வெளியாயின. அவற்றுட் சிலவற்றைத் தணிக்க உற்பத்தியாளர் வெளியிட்ட நுண்நிரல் திருத்தங்கள் வேண்டியிருந்தன. மூடியவை என அவற்றை ஒதுக்கியோர் அக்காப்பை இழந்தனர். அறக்கட்டளையின் சான்றிதழ் முறையிலும் ஒரு குறையுண்டு. துணைச்செயலிகளினுள் நிலையாகப் பதிக்கப்பட்டு, பயனரால் மாற்றப்படுமென எதிர்பார்க்கப்படாத நிரல்களுக்கு அது விலக்களிக்கின்றது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் மூடிய நிரல் குற்றமாகவும், சில்லினுள் ஆழப் புதைந்த அதே நிரல் குற்றமற்றதாகவும் கணிக்கப்படுகின்றது. இஃது உற்பத்தியாளரை ஒளிவுமறைவின்மைக்குத் தூண்டாது. மேலும் ஆழமாகப் புதைக்கவே தூண்டும்.

ஆயினும் சமரசவாதத்தின் குறை இதனினும் பெரிது. குனூ திட்டத்தார் மூடிய யுனிக்ஸை ஏணியாகக் கொண்டனர். ஒவ்வோர் உறுப்பையும் மாற்றீடு செய்து, ஈற்றில் அதனை அகற்றினர். இன்றைய சமரசத்தில் அத்தகைய நிகழ்ச்சிநிரல் தெளிவாக இல்லை. ஏணி இருக்கையாகிவிட்டது. மூடிய நிலைபொருளை ஏற்பது குறையன்று. அதனை அகற்றுவதற்கு எவரும் காலமும் பணமும் ஒதுக்காமையே குறை.

6. வலுவும் கட்டின்மையும் ஒருங்கே இயலுமா?

இயலும் என்பதற்கு அண்மைக்கால வரலாறு இரு சான்றுகளைத் தருகின்றது. ஆசுஸ் கம்பனியின் கேஜிபிஈ-டி16 என்னும் சேவையகப் பலகை இரு செயலிகளை ஏற்பது. மொத்தம் 32 கருக்களோடும், மூடிய நிலைபொருளின்றியும் அதனை எழுப்பலாம். அக்காலத்து எளிய மடிக்கணினியோடு ஒப்பிடின் அது யானைபலம் உடையது. ஆனால் போதிய பராமரிப்பாளர் இன்மையால், 2019இன் பின்னர் கோர்பூட்டின் பிரதான மூலநிரலிலிருந்து அது நீக்கப்பட்டது. வலுமிக்க கட்டற்ற இயந்திரம் கைக்கு எட்டிய பின்னரும், அதனைப் பேணும் மனிதவலு இன்றேல் நழுவிவிடும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

மற்றையது றப்ரர் கம்பனியின் ரலோஸ் 2. ஐ.பி.எம். கம்பனியின் பவர்9 செயலிகளைக் கொண்ட இவ்வியந்திரம் 2018இல் வாங்குவோரைச் சென்றடைந்தது. 2019இல் அறக்கட்டளையின் சான்றிதழைப் பெற்றது. இயந்திரத்தை எழுப்பும் நிரல்கள் மூலநிரலோடு கிடைத்தன. வலையிணைப்புச் சில்லின் நிலைபொருள் மட்டும் மூடியதாக எஞ்சியது. அதற்கும் தன்னார்வலர்கள் பின்னர் கட்டற்ற மாற்றை எழுதினர். திறந்த அடித்தளம் கிடைத்தால் எஞ்சிய இடைவெளியைச் சமூகமே நிரப்பும் என்பதை இது மெய்ப்பித்தது. ஆனால் விலை பல ஆயிரம் டொலர். அடுத்த தலைமுறையாகிய பவர்10 2021இல் வெளிவந்தபோது, அதன் நினைவக இணைப்பு முதலியவற்றில் மூடிய நிலைபொருள் இடம்பெற்றிருந்தமையால், றப்ரர் கம்பனி அதனைத் தன் இயந்திரங்களுக்கு ஏற்கவில்லை. ஒரேயொரு பெருங்கம்பனியின் மனமாற்றத்தால் ஒரு பாதை முழுவதும் அடைபடலாம் என்பது இங்கு தெளிவாகின்றது.

தமிழ் நிலத்தில் இவ்வழியில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி சென்னை ஐ.ஐ.ரி.யின் ‘சக்தி’ செயலித் திட்டமாகும். பேர்க்கிளியில் 2010இல் தோன்றிய ரிஸ்க்-5 என்னும் திறந்த கட்டளைத்தொகுதியை அது அடிப்படையாகக் கொண்டது. செயலியின் வடிவமைப்பே மூலநிரலாக வெளியிடப்பட்டது. 2018இல் அதன் சில்லுகள் ஆக்கப்பட்டன. ஒன்று இன்ரெல் ஆலையில் 22 நனோமீற்றர் நுட்பத்திலும், மற்றொன்று சண்டிகாரிலுள்ள அரச ஆய்வுகூடத்தில் 180 நனோமீற்றர் நுட்பத்திலும் உருவாயின. இவ்விரு எண்களுக்கிடையிலுள்ள தூரமே பிரச்சினையின் தூரமுமாகும். வடிவமைப்பு எவருக்கும் சொந்தமாகலாம். அதனை வலுமிக்க சில்லாக வார்க்கும் ஆலைகளோ உலகில் சிலவே.

ரிஸ்க்-5 வந்துவிட்டது, ஆகவே பிரச்சினை தீர்ந்தது என்னும் உற்சாகமும் எச்சரிக்கையோடு நோக்கற்பாலது. கட்டளைத்தொகுதி திறந்ததென்பதால் அதன்மீது எழுப்பப்படும் சில்லு திறந்ததாகாது. சில்லு திறந்ததென்பதால் அதனோடிணையும் நினைவகக் கட்டுப்படுத்தியும் வரைவியல் அலகும் திறந்தவையாகா. இலக்கணம் பொதுவுடைமையாக இருப்பதால் அம்மொழியில் எழுதப்படும் நூல்கள் யாவும் பொதுவுடைமையாகிவிடுவதில்லை என்பது தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

7. செய்யற்பாலது

இதுகாறும் கூறியவற்றால் இரு முடிபுகள் பெறப்படும். பழைய இயந்திரங்களுக்குட் பின்வாங்குதல் தனிமனிதனின் மனச்சாட்சியைக் காக்கும். இயக்கத்தின் உற்பத்தி ஆற்றலைக் காக்காது. மூடிய நிலைபொருளை நிபந்தனையின்றி ஏற்றல் உற்பத்தியைக் காக்கும். அதன் உரிமையை நாளடைவில் கைமாற்றிவிடும். இரண்டுக்கும் அப்பால் வலுமிக்க, மூடிய நிலைபொருள் அற்ற இயந்திரத்தை ஒரு கூட்டுக் கோரிக்கையாக முன்வைப்பதே எஞ்சிய வழி.

தனியொரு மாணவன் பல ஆயிரம் டொலர் கொடுத்து இயந்திரம் வாங்க இயலாது. பல்கலைக்கழகங்கள் இயலும், பல இணைந்தால் நிச்சயமாக இயலும். ஒவ்வொரு மாணவனும் ஒவ்வொரு நூலையும் வாங்குவதில்லை என்பதற்காகவே நூலகங்கள் உள்ளன. அவ்வாறே, உள்ளும் புறமும் ஆராயத்தக்க ஒரு பொது இயந்திரத்தைப் பேணி, மாணவர்கள் அதில் தொகுக்கவும் சோதிக்கவும் வழிசெய்யலாம். அரச பணத்தில் கணினி கொள்வனவு செய்யப்படும்போது, விலையோடும் வேகத்தோடும் நிலைபொருளின் மூலநிரல் கிடைக்குமா என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். ஒரு கொள்வனவாளர் கேட்டால் உற்பத்தியாளர் செவிசாயார். நாடளாவிய கொள்வனவாளர்கள் கேட்டால் விடையேனும் கூறவேண்டியிருக்கும்.

பரந்தனுக்குத் தெற்கே, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அங்கு கணினிப் பொறியியல் கற்கும் தலைமுறையினர் நிரல் எழுத வல்லவர்களாகவே வெளியேறுவர். அவர்கள் எழுதும் நிரல் எவ்வியந்திரத்தில் பிறக்கின்றது, அவ்வியந்திரம் எவருக்குக் கீழ்ப்படிகின்றது என்பவற்றையும் கேட்கப் பழகினாலன்றி, அவர்களது திறமையும் இறக்குமதிப் பொருளைப் பெயர்மாற்றிப் பங்கிடும் திறமையாகவே முடியலாம். ஆனையிறவில் உப்பு விளைவதனால் மட்டும் பரந்தனில் குளோரின் உண்டாகவில்லை. உப்பைப் பிரிக்கும் ஆலையும் அங்கே இருந்ததனாலேயே உண்டாயிற்று. அவ்வாலை நின்ற பின்னர் உப்பு இருந்தும் பயனில்லாமற் போயிற்று. கட்டற்ற நிரல்கள் இன்று உப்பளம்போற் குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்குரிய ஆலையைப் பற்றி இனியேனும் சிந்தித்தல் வேண்டும்.